வலையின் கதை – 14: வரும்போது ஒரு பெயர், போகும்போது ஒரு பெயர்

ஜாவாவில் வலைக் கோரிக்கை எழுதிப் பழகியவர்கள் ஒரு விநோதத்தைச் சொல்வார்கள். சர்வர் அனுப்பும் பதிலின் மேலே உள்ள ஹெடர் வரிகளைப் படிக்க ‘கெட்ஹெடர்ஃபீல்டு’ என்று அழைக்க வேண்டும். அதே போன்ற வரியை நாம் எழுதி அனுப்புவதென்றால் ‘செட்ரிக்வெஸ்ட்பிராப்பர்ட்டி’ என்று அழைக்க வேண்டும். பொருள் ஒன்றுதான். வீட்டுக்குள் வரும்போது அது ஹெடர், வாசலைத் தாண்டும்போது பிராப்பர்ட்டி. 1996 ஜனவரியில் வெளியான ஜாவா 1.0-இல் வைத்த பெயர் இது. 2018 செப்டம்பரில் ஜாவா 11 வரும்வரை, மொழியோடு சேர்ந்து வரும் நூலகத்தில் முறையான வேறு வழி கிடையாது.

தூக்கக் கலக்கத்தில் வைத்த பெயரல்ல அது. வைத்தவர்களிடம் வலையின் எதிர்காலம் பற்றி ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு தப்பியது. எப்படித் தப்பியது என்று பார்க்கும் முன், ஹெடர் என்ற பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். (தமிழில் ‘தலைவரி’ என்று சொல்லிப் பார்த்தேன். ஏதோ மன்னர் காலத்து வரிவசூல் போல ஒலித்தது. ஹெடர் என்றே இருக்கட்டும்.)

கடிதத்தில் கற்றது

சென்ற இதழில் 1991-இல் நிறுத்தியிருந்தோம். ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த முதல் எச்.டி.டி.பி. நெறிமுறையில் கோரிக்கை என்பது ஒரே வரி. ‘கெட்’ என்ற சொல், ஓர் இடைவெளி, வேண்டிய பக்கத்தின் பாதை. சர்வர் அந்தப் பக்கத்தைக் கொட்டிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். கேட்டவர் யார், அவருக்கு எந்த மொழி தெரியும், வருவது எழுத்தா படமா, எதையும் சொல்ல இடமில்லை. பக்கம் இல்லையென்றால் அந்தச் சேதியும் இன்னொரு பக்கமாகவே வந்து நிற்கும். மனிதர் படித்துப் புரிந்துகொள்ளலாம், இயந்திரத்துக்குப் புரியாது.

ஆய்வுக்கூடத்துத் தொலைபேசிப் பட்டியலைத் தேட அது போதுமானதாக இருந்தது. படமும் படிவமும் வந்த பிறகு போதவில்லை. அதற்கான தீர்வைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. பக்கத்து வீட்டில் மின்னஞ்சல் இருந்தது. டேவிட் கிராக்கர் தொகுத்த ஆர்.எஃப்.சி. 822 என்ற ஆவணம் 1982 ஆகஸ்டிலேயே மின்னஞ்சலின் வடிவத்தைத் தீர்மானித்துவிட்டது.

அந்த வடிவம் நமக்கு அந்நியமானதல்ல. பள்ளியில் அலுவலகக் கடிதம் எழுதியவர்கள் எல்லோரும் அறிந்ததுதான். அனுப்புநர், பெறுநர், பொருள். அரசுக் கடிதமென்றால் கூடவே ‘பார்வை’. ஒவ்வொன்றும் ஒரு பெயர், அதை அடுத்து முக்காற்புள்ளி, அதை அடுத்துச் சேதி. அதன்பின் ஒரு வெற்றிடம் விட்டு ‘ஐயா’ என்று தொடங்கினால் கடிதத்தின் உடல் தொடங்குகிறது. மின்னஞ்சலிலும் அப்படியே: பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு, பிறகு ஒரு வெற்று வரி, பிறகு உடல். அந்த வெற்று வரிதான் எல்லைக்கல்.

வலை இதை அப்படியே எடுத்துக்கொண்டது. வருவது எழுத்தா படமா என்று சொல்லும் ‘கன்டென்ட்-டைப்’ வரியைக்கூட, நத்தானியல் போரன்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் 1992-இல் மின்னஞ்சலுக்காக வகுத்த மைம் முறையிலிருந்துதான் எடுத்தது. கூடவே இரண்டு வழக்கங்களும் வந்து சேர்ந்தன. யார் வேண்டுமானாலும் புதிய பெயரில் ஒரு வரி சேர்க்கலாம். படிப்பவருக்குப் புரியாத வரியென்றால் அதைத் தாண்டிப் போய்விட வேண்டும், கடிதத்தைக் கிழித்துப் போடக் கூடாது.

எளிமையான இந்த இரண்டு வழக்கங்கள் வலைக்குச் செய்ததை எந்தப் பெரிய திட்டமும் செய்திருக்காது. 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மொண்டுல்லி ‘குக்கி’யைக் கொண்டுவந்தபோது யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்கவில்லை. சர்வர் அனுப்ப ஒரு ஹெடர், பிரவுசர் திருப்பித் தர ஒரு ஹெடர். தெரிந்த பிரவுசர் நினைவில் வைத்துக்கொண்டது, தெரியாத பிரவுசர் தாண்டிப் போனது.

அலாவுதீனுக்கு யார் சொன்னது?

எச்.டி.டி.பி. 1.0 ஆர்.எஃப்.சி. 1945 என்ற எண்ணில் 1996 மே மாதம் வெளிவந்தது. பெர்னர்ஸ்-லீ, ராய் ஃபீல்டிங், ஹென்ரிக் ஃபிரிஸ்டிக் நீல்சன் ஆகிய மூவரும் எழுதியது. ஜாவா 1.0 வெளியாகி நான்கு மாதம் கழித்து! ஊர் முழுக்கப் புழக்கத்தில் இருந்ததைப் பிறகு எழுதிவைத்த கதை அது. அதனால் புழக்கத்திலிருந்த பிழையும் ஆவணத்தில் ஏறிவிட்டது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று சொல்லும் ‘ரெஃபரர்’ ஹெடருக்கு ஆங்கிலத்தில் நடுவே இரண்டு ‘ஆர்’ வர வேண்டும். ஃபிலிப் ஹாலம்-பேக்கரின் முன்மொழிவிலிருந்து வந்த அந்தச் சொல் ஒரே ‘ஆர்’ உடன் நிலைத்துவிட்டது. பல ஆண்டுகள் கழித்து வந்த ‘ரெஃபரர்-பாலிசி’ என்ற ஹெடரில் எழுத்து சரியாக இருக்கிறது. இன்று வலையில் ஒரே சொல் இரண்டு விதமாகவும் எழுதப்படுகிறது.

அதே ஆவணத்தில் இன்னொரு வேடிக்கை. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ‘ஆத்தரைசேஷன்’ ஹெடரில் எப்படி அனுப்புவது என்று விளக்க ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். பயனர் பெயர் அலாவுதீன். கடவுச்சொல்லோ ‘திறந்திடு சீசேம்’. மாடர்ன் தியேட்டர்ஸின் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ பார்த்து வளர்ந்த ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், அது அலிபாபாவின் குகைவாசலில் சொல்வதென்று. அலாவுதீனுக்கு விளக்கு, குகை மந்திரம் அலிபாபாவுக்கு. ஆனாலும் இந்த உதாரணம் அடுத்தடுத்த ஆவணங்களிலும் தொடர்ந்தது.

உதாரணத்தில் பொருளும் உண்டு. பெயரையும் கடவுச்சொல்லையும் நடுவே ஒரு முக்காற்புள்ளி வைத்துச் சேர்த்து, பேஸ்64 முறையில் மாற்றினால் 28 எழுத்துக்கோவை வரும். பார்க்க மறைமொழி போலத் தோன்றும். பூட்டு கிடையாது, வெறும் துணிமூடிதான். யார் வேண்டுமானாலும் விலக்கிப் பார்க்கலாம். ஜாவாவில் இதைச் செய்வதற்கான பொதுவான வகுப்பு 2014-இல் ஜாவா 8 உடன்தான் வந்தது. அதுவரை பலர் சன் நிறுவனத்தின் உள்ளறையில் இருந்த, ‘பயன்படுத்தாதீர்கள்’ என்று எச்சரிக்கப்பட்ட வகுப்பை எடுத்து ஓட்டினார்கள்.

எதையும் பேசும் பிரவுசர்

இப்போது அந்தப் பெயருக்கு வருவோம். 1995 மே 23, சான் ஃபிரான்சிஸ்கோ. சன்வேர்ல்டு மாநாட்டு மேடையில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை அறிவித்தது. நெட்ஸ்கேப்பின் மார்க் ஆண்ட்ரீசன் மேடையேறி, தங்கள் பிரவுசரில் ஜாவா இருக்கும் என்றார். அன்று ஜாவாவோடு சேர்ந்து அறிமுகமானது ‘ஹாட்ஜாவா’ என்ற பிரவுசர். பேட்ரிக் நாட்டனும் ஜொனதன் பெய்னும் 1994-இல் ‘வெப்ரன்னர்’ என்ற பெயரில் எழுதத் தொடங்கியது.

ஹாட்ஜாவாவின் பெருமையே, அது எதையும் கற்றுக்கொள்ளும் என்பதுதான். தெரியாத நெறிமுறையில் ஒரு முகவரி எதிர்ப்பட்டால், அந்த நெறிமுறையைப் பேசத் தேவையான நிரலைச் சர்வரிலிருந்தே தருவித்துக்கொண்டு பேசத் தொடங்கிவிடும். அன்றைக்கு இது வெறும் கனவாகத் தெரியவில்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1991-இல் பிறந்த கோஃபர் இன்னும் உயிரோடு இருந்தது. கோப்பு வாங்க எஃப்.டி.பி. இருந்தது. நாளைக்கு இன்னும் பத்து நெறிமுறை வரலாம். எச்.டி.டி.பி. அந்தக் கூட்டத்தில் ஒன்று, அவ்வளவுதான்.

அந்த எண்ணத்தில்தான் ஜாவா 1.0-இன் ‘யூ.ஆர்.எல். கனெக்ஷன்’ வகுப்பு எழுதப்பட்டது. எல்லா நெறிமுறைக்கும் ஒரே கைப்பிடி. கோஃபரில் கோரிக்கை ஹெடர் என்ற ஒன்றே கிடையாதே? எனவே ‘ஹெடர்’ என்று பெயர் வைத்தால் எச்.டி.டி.பி.க்கு மட்டும் சலுகை காட்டியதாகிவிடும். பொதுவாகக் ‘கோரிக்கையின் பண்பு’ என்று வைத்தால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. அதிகாரபூர்வ விளக்கத்திலேயே ‘பொதுவான கோரிக்கைப் பண்பை அமைக்கிறது’ என்ற பொருளில்தான் எழுதியிருக்கிறார்கள். பதிலைப் படிக்கும் பக்கத்தில் அந்த எச்சரிக்கை தளர்ந்து, ஹெடர் என்ற சொல் உள்ளே நுழைந்துவிட்டது.

நெறிமுறைகள் பெருகும் என்று ஜாவா கணக்குப் போட்டது. பெருகியவை ஹெடர்கள். புதிதாக ஒன்றைச் செய்ய விரும்பியவர்கள் புதிய நெறிமுறை படைக்கவில்லை. இருக்கும் எச்.டி.டி.பி.யில் ஒரு வரி கூடுதலாக எழுதினார்கள். கோஃபர் மறைந்தது, எஃப்.டி.பி. ஓரமாயிற்று. எல்லோருக்குமாகக் கட்டிய பொதுச் சத்திரத்தில் கடைசியில் ஒரே விருந்தாளி.

1997 பிப்ரவரியில் வந்த ஜாவா 1.1, ‘எச்.டி.டி.பி. யூ.ஆர்.எல். கனெக்ஷன்’ என்ற தனி வகுப்பைப் பொதுவில் வைத்தது. அதுவும் பழைய வகுப்பின் பிள்ளைதான். ‘பிராப்பர்ட்டி’ என்ற பெயர் சீதனமாக வந்து சேர்ந்தது.

மௌனமாக விழுங்கியது

அந்த வகுப்பைக் கொண்டு நாம் எதுவும் சேர்க்காமல் ஒரு பக்கத்தைக் கேட்டால் கம்பியில் போவது இது. ஜாவா 8 காலத்துக் கோரிக்கையைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்:

கெட் /முகப்பு எச்.டி.டி.பி./1.1
யூசர்-ஏஜென்ட்: ஜாவா/1.8.0
ஹோஸ்ட்: (சர்வரின் பெயர்)
அக்செப்ட்: டெக்ஸ்ட்/எச்.டி.எம்.எல்., இமேஜ்/ஜிஃப், இமேஜ்/ஜேபெக், *; க்யூ=.2, */*; க்யூ=.2
கனெக்ஷன்: கீப்-அலைவ்

அக்செப்ட் வரியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ‘எனக்கு எது பிடிக்கும்’ என்று சர்வருக்குச் சொல்லும் வரி அது. ஜிஃப் இருக்கிறது, ஜேபெக் இருக்கிறது. 1996 அக்டோபரில் தரமாக்கப்பட்ட பி.என்.ஜி.யின் பெயர் இல்லை. ஜேசன் தரவை வாங்க வந்த நிரல்கூட, வாசலில் நின்று ‘எனக்கு ஜிஃப் படம் பிடிக்கும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதனால்தான் அக்செப்ட் வரியை நாமே மாற்றி எழுதுவது ஜாவாக்காரர்களின் முதல் பாடமாயிற்று. இரண்டாவது, யூசர்-ஏஜென்ட். ‘ஜாவா’ என்று தொடங்கும் பெயரைக் கண்டாலே கதவடைக்கும் சர்வர்கள் உண்டு. மூன்றாவது, ஆத்தரைசேஷன்.

எழுதுவதிலும் கண்ணிகள். ஒரே பெயரில் இரண்டு முறை ‘செட்’ செய்தால் முதலாவது அழிந்துவிடும். இரண்டும் வேண்டுமென்றால் ‘ஆட்ரிக்வெஸ்ட்பிராப்பர்ட்டி’. அது 2002-இல் ஜாவா 1.4 உடன்தான் வந்தது. பதில் எண்ணைக் கேட்ட மறுகணமே கோரிக்கை போய்விடும், அதன்பின் ஹெடர் சேர்க்கப் போனால் ‘ஏற்கெனவே இணைந்தாயிற்று’ என்ற பிழை. உடல் எழுதுவதற்கான குழாயைத் திறந்தாலே, நாம் சொல்லாமலே, கெட் கோரிக்கை போஸ்டாக மாறிவிடும்.

இதையெல்லாம்விட மோசமானது சத்தமில்லாமல் நடப்பது. எச்.டி.டி.பி. 1.1-இல் ‘ஹோஸ்ட்’ ஹெடர் கட்டாயம். ஒரே முகவரியில் நூறு தளங்கள் குடியிருக்கும்போது யார் வீட்டுக்கு வந்தோம் என்று சொல்லும் வரி அது. ஒருமுறை, ஒரு தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றும் முன் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு எனக்கு. புதிய சர்வரின் எண்முகவரியைக் கேட்டு, ஹோஸ்ட் ஹெடரில் தளத்தின் பெயரை எழுதி அனுப்பினேன். திரும்பத் திரும்ப வேறு யாருடைய பக்கமோ வந்தது. சர்வரைச் சந்தேகித்தேன், நெட்வொர்க்காரரைச் சந்தேகித்தேன், இரவு இரண்டு மணிக்கு என் கண்ணையே சந்தேகித்தேன். கடைசியில் கம்பியில் போவதை எட்டிப் பார்த்தால், நான் எழுதிய ஹோஸ்ட் வரி அங்கே இல்லவே இல்லை. ஜாவா அதை விழுங்கிவிட்டு, எண்முகவரியைத் தானாகவே எழுதிக்கொண்டிருந்தது. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை.

விழுங்கியதற்குக் காரணம் உண்டு. பிரவுசருக்குள் ஓடிய ஆப்லெட்டுகள் ஹோஸ்ட், ஆரிஜின், கன்டென்ட்-லெங்த் போன்ற வரிகளைப் போலியாக எழுதி இடையிலுள்ள பிராக்சிகளை ஏமாற்றலாம் என்ற பயம். அதற்காகச் சில பெயர்களைத் தடைப்பட்டியலில் போட்டார்கள். தடையை நீக்கத் தனியாக ஒரு சிஸ்டம் பிராப்பர்ட்டி உண்டு, தெரிந்தவர்களுக்கு. ஆப்லெட்டுக்குப் போட்ட பூட்டில் சர்வர் பக்க நிரலாளரின் விரலும் மாட்டிக்கொண்டது.

2010 மார்ச்சில் ‘பேட்ச்’ என்ற கோரிக்கை வகை ஆர்.எஃப்.சி. 5789 ஆக வந்தபோது இன்னொரு சிக்கல். ஜாவாவின் வகுப்பில் கெட், போஸ்ட், ஹெட், ஆப்ஷன்ஸ், புட், டெலீட், டிரேஸ் என்று ஏழு பெயர்கள் மட்டுமே செல்லும். எட்டாவதைச் சொன்னால் பிழை. இங்கும் கைகொடுத்தது ஹெடர்தான். போஸ்ட் என்று அனுப்பி, ‘எக்ஸ்-எச்டிடிபி-மெத்தட்-ஓவர்ரைடு: பேட்ச்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுவது. அதைப் படிக்கத் தெரிந்த சர்வர் பேட்ச் என்றே எடுத்துக்கொள்ளும். முன்வாசல் மூடியிருந்தால் கடிதத்தின் மேல் ஒரு குறிப்பு!

பக்கத்துக் கடைகள்

சொந்தக் கடையில் சரக்கு சரியில்லையென்றால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார். 2001 வாக்கில் அப்பாச்சியின் ஜகார்த்தா காமன்ஸில் தொடங்கிய எச்டிடிபிகிளையன்ட் அப்படி ஒரு கடை. அங்கே ஹெடர் ஹெடர்தான், வேறு பெயரில்லை. ஆண்ட்ராய்டு வந்தபோது கூகுள் இரண்டையும் உள்ளே வைத்தது. 2011-இல் புதிய செயலிகளுக்கு ஜாவாவின் பழைய வகுப்பையே பரிந்துரைத்தது, 2015-இல் ஆண்ட்ராய்டு 6 உடன் அப்பாச்சியுடையதைத் தன் ஏபிஐயிலிருந்து எடுத்துவிட்டது. இடையில் ஸ்கொயர் நிறுவனத்தின் ஓகேஎச்டிடிபி 2013-இல் வந்தது. அதே ஆண்டு வெளியான ஆண்ட்ராய்டு 4.4-இல் பழைய வகுப்பின் பெயர்ப்பலகை மட்டும் மேலே இருக்க, உள்ளே வேலை பார்த்தது ஓகேஎச்டிடிபிதான்.

பெயர்ப்பலகை மாறியது

ஜாவாவைக் கவனித்துக்கொண்டவர்கள் குறையை மறைக்கவில்லை. ஜெ.இ.பி. 110 என்ற முன்மொழிவில் பழைய வகுப்பின் மீது குற்றப்பத்திரிகையே வாசித்திருக்கிறார்கள். பல நெறிமுறைகளை மனத்தில் வைத்துக் கட்டியது, அவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை. எச்.டி.டி.பி. 1.1-க்கு முந்தையது. எழுதிவைக்காத நடத்தைகள் நிறைய. ஒரு கோரிக்கைக்கு ஒரு திரெட் காத்துக்கிடக்க வேண்டும்.

2017 செப்டம்பரில் ஜாவா 9 உடன் புதிய கிளையன்ட் சோதனைத் தொட்டிலில் கிடந்தது. ஜெ.இ.பி. 321 வழியாக 2018 செப்டம்பரில் ஜாவா 11-இல் முறையாகக் குடியேறியது. கோரிக்கையைக் கட்டும் இடத்தில், முகவரிக்கு அடுத்து, ‘ஹெடர்’ என்றே எழுதலாம்: அடைப்புக்குள் பெயர், காற்புள்ளி, மதிப்பு. தடைசெய்த பெயரைக் கொடுத்தால் விழுங்குவதில்லை. ‘தடைசெய்யப்பட்ட ஹெடர் பெயர்’ என்று அங்கேயே பிழை எறிகிறது. கட்டி முடித்த கோரிக்கையை மாற்ற முடியாது என்பதால் ‘ஏற்கெனவே இணைந்தாயிற்று’ என்ற பேச்சும் இல்லை. காத்திருக்க விரும்பாதவர்களுக்குக் காத்திருக்காத வழி தனியாக உண்டு.

புதிய வீட்டிலும் ஒரு படிக்கட்டு இடறும். ஓகேஎச்டிடிபியில் ‘ஹெடர்’ என்றால் பழையதை அழித்துப் புதியதை வைப்பது. ஜாவா 11-இல் ‘ஹெடர்’ என்றால் இருப்பதோடு இன்னொன்றைச் சேர்ப்பது, அழித்து வைக்க ‘செட்ஹெடர்’. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நிரலை மாற்றியவர் கவனிக்காவிட்டால் ஒரே பெயரில் இரண்டு ஆத்தரைசேஷன் வரிகள் போய்ச் சேரும்.

அதற்குள் ஹெடரும் கொஞ்சம் மாறியிருந்தது. சொந்த ஹெடர் என்றால் ‘எக்ஸ்-’ என்று தொடங்க வேண்டும் என்பது மின்னஞ்சல் காலத்து வழக்கம். தற்காலிகமாக வைத்த ‘எக்ஸ்’ பெயர்களே நிரந்தரமாகி, பிறகு மாற்ற முடியாமல் போன அனுபவத்தில், 2012 ஜூனில் ஆர்.எஃப்.சி. 6648 அந்த வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. 2015-இல் வந்த எச்.டி.டி.பி. 2, ஹெடர் பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் அனுப்ப வேண்டும் என்றது. ஒரே வரியை மீண்டும் மீண்டும் அனுப்பாமல் சுருக்கி அனுப்பவும் வழி செய்தது. கம்பியில் போவது இப்போது மனிதர் படிக்கும் வரிகளல்ல, இருமக் குறிகள். இருந்தாலும் ஒரு பெயர், ஒரு மதிப்பு என்ற ஜோடி அப்படியே இருக்கிறது.

பழைய வகுப்பை ஜாவா இன்னும் தூக்கிப் போடவில்லை. அதை நம்பி எழுதிய நிரல்கள் அவ்வளவு. இன்றும் ஏதாவதொரு அலுவலகத்தில் பழைய கோப்பைத் திறந்தால் ‘செட்ரிக்வெஸ்ட்பிராப்பர்ட்டி’ என்ற வரி கண்ணில் படும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் ‘இதற்கு ஏண்ணே ஹெடர்னு பேர் வைக்கல?’ என்று கேட்பார். கோஃபர் என்று ஒன்று இருந்ததிலிருந்து அண்ணன் ஆரம்பிக்க வேண்டும்.

அடுத்த இதழில்: அனுமதி கேட்காமல் பிறந்த குக்கிக்குச் சட்டம் எழுத முயன்றவர்களின் கதை.

(தொடரும்)